மண்மேட்டு ஆடாதோடை

கோரமண்டல் ஸ்டேஷனில் என்னால் இறங்க முடியவில்லை. பெங்களூரில் வேலை முடித்து ஊர் திரும்பும் கூட்டம் அந்த மாலை ரயிலில் நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்தது. ஒருவர் தோளில் இன்னொருவர் தலை. வாசல் பக்கம் நகர நான் யாரையாவது எழுப்ப வேண்டும். எழுப்ப மனம் வருவதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. அடுத்த ஸ்டேஷனான ஊர்காமில்தான் என் பையும் நானும் பிளாட்பாரத்தில் விழுந்தோம்.

வண்டியில் எனக்கு எதிரே இருந்த இருவர் கன்னடத்தில் பேசிக்கொண்டு வந்தார்கள். எனக்குக் கன்னடம் பாதி புரியும். "இந்த வருஷம் காற்று சீக்கிரமே ஆரம்பித்துவிட்டது. சோற்றில் கூட மண் நறநறக்கிறது" என்றார் ஒருவர். "மழை வந்தால் தூசி அடங்கும்" என்றார் மற்றவர். "மழை வந்தால் அதே தூசி தண்ணீரில் வரும்" என்று சொல்லிவிட்டு முதலாமவர் கண்ணை மூடிக்கொண்டார்.

அவர்கள் சொன்ன தூசி எது என்று எனக்குத் தெரியும். அதற்காகத்தான் நாகர்கோவிலிலிருந்து இரண்டாம் முறையாக இங்கே வந்திருந்தேன்.

நான் ஒரு கல்லூரியில் தாவர வேதியியல் சொல்லித் தருகிறேன். மூலிகை இலைச்சாறுகளின் ஆன்டிஆக்சிடன்ட் ஆற்றல் என் ஆய்வு. அதாவது, உடம்பின் செல்களை அரித்துச் சேதப்படுத்தும் சில மூலக்கூறுகளை அடக்கிவைக்கும் சக்தி எந்த இலைக்கு எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பது. பார்க்கும் விதம் எளிது. ஊதா நிறத்தில் ஒரு கரைசல் உண்டு. அதில் இலைச்சாற்றை விட்டால் ஊதா மெல்ல மங்கி மஞ்சளாகும். எவ்வளவு சீக்கிரம் மஞ்சளாகிறதோ, அவ்வளவு வீரியமான இலை.

ஒரே செடி வெவ்வேறு மண்ணில் வளர்ந்தால் இந்த வீரியம் மாறுமா என்று பார்க்க, இருமலுக்குக் கொடுக்கும் ஆடாதோடையை எடுத்துக்கொண்டேன். பல ஊர்களில் இலை பறித்தேன். தங்கவயலுக்கும் வந்தேன். தங்கம் எடுத்தபின் மிஞ்சிய அரைத்த கல்பொடியை இங்கே மலைமலையாகக் கொட்டிவைத்திருக்கிறார்கள். சுரங்கத்தை மூடி எத்தனையோ வருஷம் ஆகியும் அந்த மேடுகள் அப்படியே நிற்கின்றன. தங்கத்தைப் பிரிக்கச் சயனைடு சேர்த்த மண் என்பதால் ஊரில் எல்லோரும் அதைச் 'சைனைடு மேடு' என்பார்கள். பாலகாட் சுரங்கத்துக்குப் போகும் பக்கம் ஒரு மேட்டின் அடியில் ஓர் ஆடாதோடைப் புதர் பச்சைப்பசேலென்று இருந்தது. நான் பறிக்கப் போனபோது அங்கே ஏற்கெனவே ஒரு பெண் பறித்துக்கொண்டிருந்தாள்.

அவள்தான் யசோதா. பெங்களூரில் துணி தைக்கும் தொழிற்சாலைக்குத் தினமும் ரயிலில் போய் வருபவள். கணவன் கௌதமன் சுரங்கத்தின் கடைசி வருஷங்களில் அடியில் வேலை பார்த்தவன். கல்தூசி நுரையீரலில் படிந்து இறுகிப்போய், ஐம்பதைத் தாண்டியதும் நடக்க முடியாமல் வீட்டோடு இருக்கிறான். அவனுக்குத்தான் அந்த இலை. "டெஸ்ட் பண்ணிட்டு எங்களுக்கும் சொல்லுங்க மேடம். நல்லதா, எத்தினி இலை போடணும், எல்லாம்" என்று கேட்டுக்கொண்டாள். சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

ஊர் திரும்பிச் சோதித்தபோது, நான் சேர்த்திருந்த எல்லா இலைகளிலும் யசோதா பறித்துத் தந்த இலைதான் முந்தியது. சாறு பட்டதும் ஊதா வெளுத்தது. என் மாணவி கைதட்டினாள். எங்கள் வீட்டுக் கொல்லையில் மழையும் எருவும் தின்று வளர்ந்த ஆடாதோடை, அதன் பக்கத்தில் வைக்கக்கூட லாயக்கில்லை.

பிறகு அதே இலையை வேறொரு கருவியில் கொடுத்து உலோகம் பார்த்தோம். ஆர்சனிக் இருந்தது. ஈயமும் இருந்தது. வாயில் வைக்கக் கூடாத அளவுக்கு இருந்தது. விஷ மண்ணில் வேர்விட்ட செடி, தன்னைக் காத்துக்கொள்ளத்தான் அந்த வீரியத்தையெல்லாம் தயாரித்திருக்கிறது. அது செடிக்கான மருந்து. நம் பங்குக்கு வருவது விஷம் மட்டும்.

இதைப் போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. விடுமுறை வந்ததும் கொல்லை ஆடாதோடையை ஒரு கட்டு ஒடித்து, ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு கிளம்பினேன்.

ஊர்காமிலிருந்து ராபர்ட்சன்பேட்டைக்கு ஷேர் ஆட்டோ. லாட்ஜ் அறையின் ஜன்னலைத் திறந்தேன். காற்று ஒரு வீச்சு வீசியதும் மேஜைமேல் மாவு தூவியதுபோல வெள்ளை படிந்தது. விரலால் கோடு போட்டுப் பார்த்துவிட்டு ஜன்னலை மூடினேன். எங்கள் ஊரில் ஆடிக்காற்று சாரலோடு வரும். துணி காயாது என்பதுதான் எங்கள் பெரிய புகார்.

மறுநாள் ஞாயிறு. கோரமண்டலில் வரிசையாக ஒட்டி நிற்கும் பழைய சுரங்க வீடுகளுக்கு 'லைன்' என்று பெயர். வழியில் பேக்கரியில் சூடான பன் வாங்கினேன். இந்த ஊர் பேக்கரிகளை எங்கள் ஊர் கடைகள் கிட்டே நெருங்க முடியாது. வெண்ணெய் வாசனை தெருமுனை வரை பிடித்து இழுக்கிறது. ஆனால் பொட்டலத்தை வாங்கும்போதே, இது மூடியா இருந்தது, திறந்தா இருந்தது என்றுதான் பார்த்தேன். அந்த நாலு நாளும் எதைத் தின்றாலும் எனக்கு இதே புத்திதான்.

வீட்டில் கௌதமன் மட்டும் இருந்தான். நாற்காலியைத் திருப்பிப் போட்டு, அதன் முதுகில் கைகளை வைத்துக் குனிந்து உட்கார்ந்திருந்தான். அப்படி உட்கார்ந்தால்தான் மூச்சு கொஞ்சம் இறங்கும். பின்னால் சுவரில் புத்தர் படம், அதன்கீழ் ஒரு சின்ன விளக்கு.

"வாங்க மேடம். அவ இலை பறிக்கப் போயிருக்கா. குந்துங்க" என்றான். இரண்டு சொல்லுக்கு ஒரு தடவை நிறுத்தி மூச்சு வாங்கினான். அந்த இடைவெளிகளில் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னா, டெஸ்ட்டுல ஃபெயிலா?"

யசோதா வரட்டும் என்றேன். அவன் விடவில்லை. கெட்ட சேதி இல்லையென்றால் இவ்வளவு தூரம் வந்திருக்க மாட்டீர்கள் என்றான். சொன்னேன். ஆர்சனிக் என்ற பெயரைக் கேட்டதும் சிரித்தான். சிரிப்பு இருமலாகி, அவன் நெற்றி நரம்பு புடைத்து, அடங்க வெகுநேரம் ஆயிற்று.

"கீழ லெவல்ல தங்கம் இருக்கிற கல்லுலயே அதுவும் இருக்கும்னு எங்க ஷிப்ட் பாஸு சொல்வாரு. அங்க தின்னது பத்தாதுன்னு மேல வந்தும் துரத்துதா?" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "மேடம், ஒரு உதவி. அவளுக்குச் சொல்லாதீங்க."

ஏன் என்று கேட்டேன்.

"எனக்கு ஒண்ணும் இல்ல. குடிச்சாலும் போவேன், குடிக்காட்டியும் போவேன். அவளுக்கு அப்படியில்ல. விடிய எழுந்து ஓடிப்போய் அத்தப் பறிச்சு, அரைச்சு, என் கையில குடுத்துட்டுத்தான் ரயிலுக்கே போறா. எனக்குச் செய்ய அவகிட்ட வேற இன்னா இருக்குது? அதையும் பிடுங்கிட்டா சும்மா நின்னு என்னையப் பாத்துனு இருக்கணும் அவ. அத்த எப்படி மேடம் பாக்கிறது?"

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. யசோதா முந்தானையில் இலைகளை அள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். என்னைக் கண்டதும் முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "அய்யோ அக்கா! எப்ப வந்தீங்க? லாட்ஜுலயா தங்கினீங்க? இன்னா இது, நம்ம வூடு இல்லையா?" போன தடவை மேடம், இந்தத் தடவை அக்கா.

சாப்பிட்டுவிட்டுப் பேசலாம் என்று எனக்கு நானே தவணை வாங்கிக்கொண்டேன். அவள் மிக்ஸியில் இலையை அரைத்து, துணியில் பிழிந்து, தேன் விட்டுக் கணவனிடம் நீட்டினாள். அவன் என்னைப் பார்த்துக்கொண்டே ஒரே மடக்கில் குடித்தான். என் கை தானாக எழுந்து பாதியில் நின்றது.

மதியம் கேழ்வரகுக் களியும் மாட்டுக்கறிக் குழம்பும். களியை மெல்லக் கூடாது, குழம்பில் தோய்த்து அப்படியே விழுங்க வேண்டும் என்று யசோதா சொல்லிக்கொடுத்தாள். எங்கள் ஊரில் மரச்சீனிக் கிழங்கும் மீனும் தின்று பழகிய தொண்டைக்கு அது சிரமமாக இருந்தாலும் குழம்பு அபாரம். அடுத்து முருங்கைக்கீரை பொரியல் வைத்தாள். "தோ, பின்னாடி மரத்துல பறிச்சது." தட்டில் விழுந்த அந்தப் பச்சையைப் பார்த்தேன். பின்வாசலுக்கு அப்பால் வானத்தை மறைத்துக்கொண்டு மேடு நின்றது. சாப்பிட்டேன். அவள் கண் முன்னால் அதை ஒதுக்க என்னால் முடியவில்லை.

சாப்பிட்டுக் கை கழுவும்போதுதான் செல்வி வந்தாள். அதே லைனில் நாலு வீடு தள்ளி இருப்பவள். இடுப்பில் கைக்குழந்தை, பெயர் யாழினி. சளி கட்டி, மூச்சு விடும்போதெல்லாம் நெஞ்சில் கர்கர் என்று சத்தம்.

"யசோக்கா, இலை ஆயிடுச்சு. இன்னும் கொஞ்சம் குடு. நேத்துக் குடுத்ததுல ராத்திரி நல்லா தூங்கினா."

யசோதா கொத்தை எடுத்து நீட்டினாள். நான் கௌதமனைப் பார்த்தேன். அவனும் என்னைப் பார்த்தான். அவன் கண்ணை மூடிக்கொண்டு தலையை நாற்காலி முதுகில் சாய்த்துவிட்டான். அதை அனுமதி என்று எடுத்துக்கொள்ளலாமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

"வேண்டாம் செல்வி. அதைக் குழந்தைக்குக் கொடுக்காதே" என்றேன்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். சின்னச் சின்ன வார்த்தைகளில், என் வகுப்பில் என்றும் பேசாத அளவு மெதுவாகச் சொன்னேன். செல்வி கேட்டுக்கொண்டே குழந்தையின் வாயைத் திறந்து பார்த்தாள், அங்கே இன்னும் ஏதாவது மிச்சம் இருப்பதுபோல. "நேத்துக் கூடக் குடுத்தேனே" என்றாள். "நேத்துக் கூடக் குடுத்தேனே அக்கா." அதை மட்டும்தான் அவளால் திருப்பித் திருப்பிச் சொல்ல முடிந்தது.

யசோதா மிக்ஸி ஜாரை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். தேய்க்கும் சத்தம் கேட்டது. கழுவினாள், மறுபடி தேய்த்தாள், மறுபடி கழுவினாள். நான் பின்னாலேயே போய் நின்றேன்.

"தண்ணி இங்கத்து போர் தண்ணிதான்" என்றாள், என்னைப் பார்க்காமல். "காத்து இதே காத்து. துணி காயப்போட்டா மேட்டு மண்ணு. குழந்தைங்க விளையாடுறது அந்த மேட்டு மேலதான். இலையில மட்டும் விஷம் இல்லாம எப்படி இருக்கும்? எனக்குத் தோணியிருக்கணும். பச்சையா இருந்துச்சுக்கா. சுத்தி எல்லாம் காஞ்சு கெடக்க, அது ஒண்ணுதான் பச்சையா இருந்துச்சு."

அந்த இலையில் உண்மையாகவே வீரியம் இருந்தது என்பதையும் சொன்னேன். சொல்லாமல் விட்டிருக்கலாம். "அப்ப நல்லதும் இருக்குது?" என்று சட்டென்று திரும்பினாள். கண்ணாடிக் குழாயில் நல்லதுதான், ஆனால் குழாயில் ஊதாவை மஞ்சளாக்குவது வேறு, இறுகிப்போன நுரையீரலை இளக்குவது வேறு. உலகத்தில் எந்த இலையும் அதைச் செய்ததாக நான் அறியவில்லை என்றேன். அவள் ஜாரைக் கவிழ்த்துவைத்தாள்.

"அப்ப அவருக்கு ஒண்ணுமே இல்ல?"

கவிழ்த்துவைத்த ஜாரை எடுத்து நான் துணியால் துடைத்தேன். அவள் இன்னொரு தடவை கேட்கவில்லை.

திங்கட்கிழமை யசோதா வேலைக்கு லீவு சொன்னாள். செல்வியையும் குழந்தையையும் அழைத்துக்கொண்டு ராபர்ட்சன்பேட்டையில் ஒரு டாக்டரிடம் போனோம். போகும் வழியில் ஆட்டோ நின்றுவிட்டது. ஓட்டுநர் இறங்கி, எதையோ கழற்றி வாயால் ஊதினார். உள்ளிருந்து வெள்ளைப் புழுதி பறந்தது. "இந்த ஊர்ல வண்டிக்கும் ஆஸ்துமா மேடம்" என்று சிரித்தார். செல்வி குழந்தையின் முகத்தை முந்தானையால் மூடினாள். மூவரும் இறங்கித் தள்ளியபிறகு வண்டி கிளம்பியது.

டாக்டர் பொறுமையானவர். கன்னடம் கலந்த தமிழில் பேசினார். குழந்தையின் நெஞ்சைக் கேட்டார், மருந்து எழுதினார். ஆர்சனிக் பரிசோதனை பற்றிக் கேட்டதும் பேனாவை மூடிவைத்தார். "அது இங்க ஆகாது. பெங்களூர்தான் போகணும். கொடுத்தது கொஞ்ச நாள்தானே? நிறுத்திடுங்க. நல்லா பால், முட்டை கொடுங்க." பிறகு என் பக்கம் திரும்பி, "மேடம், நீங்க ஒரு செடி டெஸ்ட் பண்ணிருக்கீங்க. இங்க வர்ற ஜனங்களோட தண்ணி, கீரை, பால் எல்லாம் டெஸ்ட் பண்ணா நான் யாருக்கு என்னன்னு சொல்லி அனுப்பறது?" என்று கேட்டார். குறையாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே கேட்டார்.

வெளியே வந்ததும் செல்வி, "பால் எந்த மாட்டுப் பாலுக்கா வாங்கறது?" என்றாள். அங்கே மாடுகள் மேய்வதெல்லாம் மேட்டடிப் புல்லில்தான். பாக்கெட் பால் வாங்கு என்று சொன்னேன். அவ்வளவுதான் என் படிப்பு எனக்கு அந்த இடத்தில் எடுத்துக் கொடுத்தது.

சாயங்காலம் யசோதா கொடுவாளை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். "எங்க?" என்று கேட்டேன். "அத்த வெட்டறதுக்கு. நான் பறிக்காட்டி இன்னொருத்தி பறிப்பா."

மேட்டின் பக்கம் நெருங்க நெருங்கக் காற்றில் மணல் கன்னத்தில் குத்தியது. மழை அறுத்த ஓடைகள் மேட்டின் உடம்பெல்லாம் ஆழமாக இறங்கியிருந்தன. அந்த அடிவாரத்தில் புதர் என் தலைக்கு மேல் நின்றது; வெள்ளைப் பூவும் வைத்திருந்தது. யசோதா ஒரு நிமிஷம் அதையே பார்த்தாள். பிறகு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வெட்ட ஆரம்பித்தாள். அவளிடம் கோபம் தெரியவில்லை, அழுகையும் இல்லை. தண்டு தண்டாக, ஒரு வேலையைச் செய்வதுபோல வெட்டினாள். "வேரு இருக்குது. மழை வந்தா துளுத்துரும்" என்று மட்டும் இடையில் சொன்னாள்.

சத்தம் கேட்டு லைனிலிருந்து சில பெண்கள் வந்து நின்றார்கள். நான் மறுபடியும் எல்லாவற்றையும் சொன்னேன். சிலர் தலையாட்டினார்கள். கோடாலி முடிச்சுப் போட்ட ஒருத்தி முன்னால் வந்தாள்.

"நாங்க எத்தினி வருசமா குடிச்சினு இருக்கோம். போன தபா நீங்க வந்து பை நிறைய பறிச்சினு போனீங்க. இப்ப எங்களையக் குடிக்காதன்றீங்க. அப்பால உங்க ஆளுங்க வந்து கம்பெனி வெப்பாங்களா?"

கம்பெனியெல்லாம் இல்லையம்மா என்றேன். அவள் குனிந்து, வெட்டிப் போட்ட இலையை மடியில் அள்ளத் தொடங்கினாள். "நிழல்ல காயவெச்சா ஒரு மாசத்துக்கு ஆகும்."

யசோதா கொடுவாளைக் கீழே போட்டுவிட்டு அவள் கையைப் பிடித்தாள். "போடு கண்ணம்மா. நானே எம் புருசனுக்கு என் கையால குடுத்தேன். நீயும் குடுக்காத. போடு அத்த." அந்தப் பெண் யசோதாவின் முகத்தைப் பார்த்தாள். மெல்ல மடியை உதறினாள். "போட்டுட்டேன். இருமலுக்கு வேற இன்னா குடுக்கிறது, அத்தச் சொல்லு" என்றாள். யசோதா என்னைப் பார்த்தாள். ராபர்ட்சன்பேட்டை டாக்டரின் பெயரைச் சொன்னேன். அந்தப் பெண் சிரித்துவிட்டுப் போய்விட்டாள்.

கிடந்த தழையை என்ன செய்வது? எரிக்கலாம் என்று யசோதா தீப்பெட்டியை எடுத்தாள். தடுத்தேன், ஆர்சனிக் புகையோடு எழும்பி லைன் முழுக்கப் போகும். அப்படியே விட்டால் ஆடு தின்னும், ஆள் எடுக்கும். புதைக்கலாமென்று ஒருவரிடம் மண்வெட்டி வாங்கி இரண்டு போடு போட்டதும் கிளம்பிய புழுதியில் எங்கள் இருவருக்கும் கண் தெரியவில்லை. கடைசியில் ஒரு கோணிப்பையில் திணித்துக் கட்டினோம். எங்கள் கல்லூரியில் ரசாயனக் கழிவை வாங்கிப் போக வண்டி வரும். அதில் சேர்த்துவிடலாம், நானே எடுத்துப்போகிறேன் என்றேன். "இவ்ளோ தூரமாக்கா?" என்றாள் யசோதா. அதைவிடப் பக்கத்தில் எனக்கு வேறு இடம் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும், நான் கொண்டுவந்த நாகர்கோவில் இலையை அவளிடம் கொடுத்தேன். ஈரத்துணிக்குள் பாதி வாடியிருந்தது. அவள் புதிதாக வாங்கிய கேன் தண்ணீரில் அதைக் கழுவி, அரைத்து, பிழிந்து கொண்டுவந்தாள். கௌதமன் குடித்தான்.

"எப்படி இருக்குது?" என்று கேட்டாள்.

"அம்மாடி, இதான் கசப்பு" என்று முகத்தைச் சுளித்தான். "அது இன்னா கசப்பு, இது அதுக்கு அப்பன். நெஞ்சுல நேரா இறங்குது."

அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. டம்ளரை வாங்கிக்கொண்டு பின்பக்கம் போனாள். அவள் போனதும் அவன் என்னைக் கிட்டே வரச் சொல்லிக் கை காட்டினான்.

"தண்ணி மாதிரி இருக்குது மேடம்" என்றான், ரகசியமாக. "பரவால்ல. இன்னும் கொஞ்சம் அனுப்பி வெக்கிறீங்களா? அவ அரைக்கட்டும்."

அனுப்புகிறேன் என்றேன். கசப்புக்கும் என் ஊதாக் கரைசலுக்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் என் மேஜையில் எங்கள் வீட்டு இலை தோற்றது நினைவுக்கு வந்தது. இந்த மனிதனின் நெஞ்சில் இரண்டு இலையும் ஒன்றுதான் என்பதும் எனக்குத் தெரியும். ஊர் வந்தபின் வாரம் ஒருமுறை கூரியரில் அனுப்பத் தொடங்கினேன். இதை எழுதும்போதும் அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை விடியற்காலை யசோதாவோடு ரயில் ஏறினேன். பெண்கள் பெட்டியில் ஏறியதும் அவளுக்கு அவள் கூட்டாளிகளின் பக்கம் இடம் கிடைத்தது; உட்கார்ந்த உடனேயே தூங்கிப்போனாள். நான் கதவருகே கோணிப்பையைக் காலுக்கு இடையில் வைத்துக்கொண்டு நின்றேன். கட்டியிருந்த வாயிலிருந்து ஒரு கொத்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற பெண், டிபன் டப்பா பையைத் தோளில் மாட்டியவள், இருமிக்கொண்டே அதைப் பார்த்தாள்.

"ஆடாதோடை தானே? ரெண்டு கொத்து குடுங்களேன். ஒரு மாசமா இருமல் விடல."

"இல்லம்மா, இதைக் கொடுக்க முடியாது."

"இலைக்குமா கஞ்சத்தனம்?" என்றாள், சிரித்துக்கொண்டுதான். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள்.

குனிந்து அந்தக் கொத்தைப் பைக்குள் தள்ளினேன். அவளுக்கு மட்டும் கேட்கும்படி விஷயத்தைச் சொன்னேன். அவள் சிரிப்பு நின்றது. எந்த ஊர் இலை என்று கேட்டாள். கோரமண்டல், மேட்டடியில் இருந்தது என்றேன்.

"நான் சாம்பியன் ஸ்டேஷன்ல ஏறினேன். எங்க வூட்டாண்டையும் ஒரு செடி இருக்குது. மேடு கொஞ்சம் தள்ளித்தான். அதுலயும் இருக்குமா?"

"தெரியலம்மா. பார்த்தால்தான் தெரியும்."

"நீங்க பாப்பீங்களா? நாளைக்கு இதே வண்டியில இலை கொண்டாறேன்."

நாளைக்கு நான் இங்கே இருக்க மாட்டேன் என்று சொன்னேன். அவள் சரி என்று தலையாட்டினாள். வண்டி பங்காருப்பேட்டைக்குள் நுழைந்துகொண்டிருந்தது. ஏற நின்ற கூட்டம் கதவை நோக்கி ஓடிவந்தது. நெரிசலில் அவள் உள்ளே தள்ளப்பட்டுப் போனாள். எட்டிப் பார்த்தேன், முகம் தெரியவில்லை. தலைகளுக்கு அப்பால் எங்கேயோ அவள் இருமுவது மட்டும் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அதுவும் மற்ற இருமல்களோடு கலந்துவிட்டது. எது அவளுடையது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.